கேட்பதற்கு எத்தனை பேர் மிச்சம்?

சென்ற இதழில், இடைவிடாமல் கூடிவரும் நாடாளுமன்றங்களில் மிகப் பழையது எது என்று கேட்டிருந்த வாசகருக்கு, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் மேன் தீவின் டின்வால்ட் மன்றத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதன் கீழவையில் 24 உறுப்பினர்களே உண்டு என்று போகிற போக்கில் குறிப்பிட்டதுதான், பதிலைவிட அதிகமாக வாசகர்களின் மனத்தில் தங்கிவிட்டது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைச் சுற்றி வருவதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு பொருள்களைப் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலேயே கேள்வி கேட்க நான்கு பேரைத் தேட வேண்டியிருக்கிறது. 24 பேர் மட்டுமே உள்ள அவையில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்மையிலேயே நடக்கிறதா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர்)

பதில்: நடக்கிறது, ஒழுங்காகவே நடக்கிறது. மேன் தீவு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள கடலில் 572 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் நிலம். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் சுமார் 84,000 பேர். பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டது என்றாலும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. பாதுகாப்பையும் வெளியுறவையும் லண்டன் பார்த்துக்கொள்ள, வரி, மருத்துவமனை, பள்ளி, சாலை, துறைமுகம் எல்லாவற்றையும் தீவே பார்த்துக்கொள்கிறது. எனவே கேட்பதற்கு விஷயம் இல்லாமல் போவதில்லை.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் கீழவைக்கு ‘ஹவுஸ் ஆஃப் கீஸ்’ என்று பெயர். 12 தொகுதிகள், தொகுதிக்கு இருவர். ஒரு சிறிய சட்ட மேலவையும் உண்டு. அதன் உறுப்பினர்களில் எட்டுப் பேரைக் கீஸ் அவையே தேர்ந்தெடுக்கிறது. இரண்டும் தலைநகரான டக்ளஸில் தனித்தனியே கூடுவதோடு, மாதத்துக்கு ஒருமுறை ஒரே மண்டபத்தில் சேர்ந்தும் அமர்கின்றன. அந்தக் கூட்டுக் கூட்டமே டின்வால்ட். கீஸ் அவையிலும் டின்வால்ட்டிலும் உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகள் நிகழ்ச்சி நிரலில் அச்சாகி வருகின்றன. நம் மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட வினா, குறியிடாத வினா என்று பிரிப்பதைப் போல அங்கும் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை, எழுத்தில் பதில் தர வேண்டியவை என்று இரண்டு வகை. அமைச்சர் எழுந்து தயாரித்து வைத்த பதிலைப் படிப்பார், பிறகு துணைக் கேள்விகள் தொடங்கும். சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் அவைக் குறிப்பில் ஏறி, இணையத்தில் எவரும் படிக்கும்படி வைக்கப்படுகிறது.

உறுப்பினர் ஒருவருக்கு ஏறத்தாழ 3,500 மக்கள் என்று கணக்கு வருகிறது. நம் ஊர்களில் ஒரு வார்டு உறுப்பினருக்கே இதைவிட அதிகமான மக்கள் இருப்பதுண்டு. ஆதலால் அங்கே ஒரு கேள்வி பெரும்பாலும் ஒரு மனிதரின் குறையிலிருந்தே பிறக்கிறது: அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு மூதாட்டி, கப்பல் ரத்தானதால் கல்லூரிக்குப் போக முடியாத ஒரு பிள்ளை. அந்தக் குறையைச் சொன்னவரை உறுப்பினர் மறுநாளும் கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும். அமைச்சரும் அதே கடைத்தெருவுக்குத்தான் வருவார் என்பது இன்னொரு விசேஷம்.

கேள்வி: அந்தத் தீவில் பெரும்பாலோர் கட்சி சாராமல் வெல்கிறார்கள் என்று படித்தேன். கட்சியே இல்லையென்றால் எதிர்க்கட்சி எது? எதிர்க்கட்சி இல்லாத அவையில் அமைச்சரை எவர் கேள்வி கேட்பார்? (சட்டக் கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: வந்த கடிதங்களில் நேராக மையத்தைத் தொட்டது உங்களுடையதுதான். கட்சிகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 பொதுத்தேர்தலில்கூட மேன் தொழிற்கட்சி இரண்டு இடங்களில் வென்றது. ஆனால் பெரும்பாலானவர்கள் சுயேச்சைகள். ‘இந்தப் பக்கம் ஆளுங்கட்சி, அந்தப் பக்கம் எதிர்க்கட்சி’ என்ற ஏற்பாடு அந்த மண்டபத்தில் கிடையாது.

இதைக் கேட்டதும், கொறடாவின் கயிறு இல்லாத அவையில் எல்லோரும் மனச்சாட்சிப்படி கேள்வி கேட்பார்கள் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. காகிதத்தை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 24 பேரில் ஒருவர் அவைத் தலைவர். முதலமைச்சரும் அமைச்சர்களுமாக எட்டு, ஒன்பது பேர். மிச்சம் பதினான்கு, பதினைந்து பேர். அவர்கள் முழுவதும் வெளியே நிற்பவர்கள் என்று நினைத்தால் அங்கேதான் தவறு. ஒவ்வொரு துறையிலும் அமைச்சருக்குக் கீழே ‘துறை உறுப்பினர்’ என்ற பொறுப்பு உண்டு. மிச்சமிருப்பவர்களில் பலர் ஏதாவதொரு துறையில், சில காலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில்கூட, அந்தப் பொறுப்பில் அமர்ந்திருப்பார்கள். சுகாதாரத் துறையின் உறுப்பினராக இருப்பவர் சுகாதார அமைச்சரை அவையில் எழுந்து குடைய மாட்டார்; குடைந்தால், தான் கையொப்பமிட்ட காகிதத்தைத் தானே கிழித்ததாகிவிடும். அவர் கல்வி அமைச்சரைக் கேட்கலாம், சாலை அமைச்சரைக் கேட்கலாம், விதி தடுக்காது. ஆனால் நாளைக்குத் தன் துறையைக் கேள்வி கேட்கப் போகிறவர் கல்வித் துறையில் அமர்ந்திருக்கிறார் என்ற நினைப்பு, மனித இயல்பில், குரலைச் சற்றுத் தணிக்கத்தான் செய்யும்.

இந்த ஏற்பாட்டை யாரும் சூழ்ச்சியாகச் செய்துவிடவில்லை. 1980-களின் நடுப்பகுதிவரை மேன் தீவில் அமைச்சரவை என்பதே கிடையாது. டின்வால்ட் அமைத்த வாரியங்களே ஆட்சி நடத்தின. உறுப்பினர்கள் எல்லோரும் ஏதாவதொரு வாரியத்தில் இருந்தார்கள். நிர்வாகத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். 1986-இல் முதலமைச்சர் பதவி வந்தது, மைல்ஸ் வாக்கர் முதலாவதாக அதில் அமர்ந்தார், வாரியங்கள் துறைகளாக மாறின. கட்டடம் புதிதாகிவிட்டாலும் பழைய வீட்டுப் பாயை விரித்துப் படுக்கும் பழக்கம் போகவில்லை. எல்லோருக்கும் நிர்வாகத்தில் ஓர் இடம் என்ற வாரியக் காலத்து வழக்கமே ‘துறை உறுப்பினர்’ என்ற பெயரில் நிலைத்துவிட்டது என்பது என் கணிப்பு. பிரிட்டிஷ் மக்களவையின் தலைமைச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற லிஸ்வேன் பிரபு 2016-இல் டின்வால்ட்டின் செயல்பாட்டை ஆராய்ந்து அளித்த அறிக்கையும் இந்த இடத்தில் கைவைத்தது. சட்ட மேலவை உறுப்பினர்கள் துறைகளில் அமர்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவருடைய யோசனைகளுள் ஒன்று. மேற்பார்வை பார்க்க வேண்டியவர் வேலைத்தளத்தில் மண்வெட்டி பிடித்து நின்றால் மேற்பார்வை யாருடையது என்ற எளிய நியாயம்தான் அது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: அங்கே எதிர்க்கட்சி என்பது நிரந்தரமான கூட்டம் அன்று, பொருளுக்குப் பொருள் மாறும் சிலர். துறைப் பொறுப்பை ஏற்காமல் விலகி நிற்பவர்கள், பதவியை விட்டவர்கள், பதவி பறிக்கப்பட்டவர்கள் ஆகியோரே பெரும்பாலும் கூர்மையான கேள்விகளைக் கேட்கிறார்கள். இன்னொரு விந்தையையும் சொல்ல வேண்டும். டின்வால்ட் சேர்ந்து கூடும்போது தலைமை தாங்குபவர் வேறொருவர் என்பதால், கீஸ் அவையின் தலைவர் அங்கே மற்றவர்களைப் போலவே எழுந்து நின்று அமைச்சரைக் கேள்வி கேட்பார். நம் சபாநாயகர்கள் இதைக் கனவிலும் நினைக்க முடியாது. ஆள் பற்றாக்குறை உள்ள வீட்டில் மாப்பிள்ளையும் பந்தி பரிமாறுவதைப் போலத்தான்.

கேள்வி: அமைச்சர் மழுப்பினால் என்ன செய்ய முடியும்? (அஞ்சல் துறை ஊழியர், காரைக்குடி)

பதில்: அன்றைக்கே செய்ய முடிவது அதிகமில்லை. தொடர்ந்து செய்ய முடிவது நிறைய இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

மேன் தீவுக்காரர்களுக்குக் கப்பல்தான் உயிர்நாடி. உணவுப் பொருளிலிருந்து மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு வரும் கூட்டம்வரை எல்லாம் கடல்வழியே வருகிறது. 2018-இல் தீவின் அரசாங்கம் அந்தக் கப்பல்களை ஓட்டும் நிறுவனத்தையே 12 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிவிட்டது. அதற்கு முன்பே, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தங்களுக்கென்று ஒரு புதிய பயணியர் முனையம் கட்டுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். தன் எல்லைக்கு வெளியே, கடலுக்கு அப்பால், இன்னொரு நகரத்தில் ஒரு சின்னத் தீவின் அரசு கட்டடம் கட்டுகிறது என்றால் எவ்வளவு கேள்வி எழும் என்று எண்ணிப் பாருங்கள். மொத்தச் செலவு சுமார் 3 கோடியே 80 லட்சம் பவுண்டு என்று டின்வால்ட்டில் ஒப்புதல் பெற்ற வேலை, முனையம் 2024-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டபோது 7 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. வேலை தொடங்கி முடிவதற்குள் பொறுப்பான துறைக்கு அமைச்சர்கள் பலர் வந்து போனார்கள்.

இத்தகைய விவகாரத்தில் ஒரே ஒரு கேள்வியால் எதையும் பிடிக்க முடியாது. எப்போது முடியும், எவ்வளவு ஆகும், யார் கையெழுத்திட்டார்கள் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இந்த மாதம் சொன்ன தேதியை அடுத்த கூட்டத்தில் அமைச்சரின் முன்னால் வைத்து, ‘அன்று இப்படிச் சொன்னீர்களே’ என்று தொடங்க வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் எழுதித் தருபவர் அதிகாரி. துணைக் கேள்விக்குத்தான் அமைச்சர் சொந்த மூளையிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கேள்வி நேரத்தின் உயிர் துணைக் கேள்வியில் இருக்கிறது என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு. எழுத்துக் கேள்விக்கு வேறொரு பலம் உண்டு: அதில் எண் கேட்டால் எண்ணாகவே வந்தாக வேண்டும், வசனம் பேசித் தப்ப முடியாது. அந்த எண்களை எடுத்துக்கொண்டு பொதுக் கணக்குக் குழு சாட்சிகளை அழைத்து உட்கார வைத்து விசாரிக்கும்போது, கேள்வி நேரத்தில் மழுப்பிய வாய் அங்கே மழுப்புவது கடினம். லிவர்பூல் முனையமும் அந்தக் குழுவின் முன் வந்தது.

கேள்வி: உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குள் போய்விட்டால் கேள்வி கேட்பதில் பொருளில்லை. இந்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டம் எங்காவது இருக்கிறதா? (பட்டயக் கணக்காளர், கோயம்புத்தூர்)

பதில்: இருக்கிறது. கணக்காளர் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஜெர்சி தீவில், மேன் தீவைப் போலவே நெடுங்காலம் குழுக்களின் ஆட்சிதான் நடந்தது. 2005 டிசம்பரில் அமைச்சரவை முறைக்கு மாறினார்கள். மாறும்போதே நீங்கள் கேட்ட இதே சந்தேகம் அங்கும் எழுந்தது. அமைச்சர்களும் துணை அமைச்சர்களும் சேர்ந்த எண்ணிக்கை, அரசாங்கத்துக்கு வெளியே உள்ள உறுப்பினர்களின் எண்ணிக்கையை விடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதை முன்மொழிந்த உறுப்பினரின் பெயரால் ‘டிராய் விதி’ என்றே அழைக்கிறார்கள். அரசாங்கம் தன் சொந்த ஆட்களின் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் வென்றுவிட முடியாது, வெளியே இருப்பவர்களில் சிலரையாவது இசையச் செய்தாக வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

ஜெர்சியின் அவையில் இன்று 49 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2022 தேர்தலில் 37 பேர் தொகுதிப் பிரதிநிதிகளாகவும், மற்ற 12 பேர் பாரிஷ் எனப்படும் ஊர்ப் பிரிவுகளின் தலைவர்களாகவும் வந்தார்கள். தீவின் தலைமை நீதிபதியே அவைக்கும் தலைமை தாங்குகிறார், ஆனால் அவருக்கு வாக்கில்லை. கூட்டம் பிரெஞ்சு மொழி வழிபாட்டுடன் தொடங்கும், வாக்களிக்கும்போதும் ஆதரவையும் எதிர்ப்பையும் பிரெஞ்சுச் சொற்களில்தான் தெரிவிப்பார்கள், விவாதம் மட்டும் ஆங்கிலத்தில். முன்னறிவிப்புள்ள கேள்விகள் போக, முன்னறிவிப்பே இல்லாமல் கேட்பதற்கென்று தனி நேரமும் வைத்திருக்கிறார்கள். முறை வந்த அமைச்சர் எழுந்து நிற்க, அவருடைய துறையைப் பற்றி எதை வேண்டுமானாலும் உறுப்பினர்கள் மாறி மாறிக் கேட்பார்கள். 15 நிமிடம்தான். கையில் தயாரித்த காகிதம் இல்லாமல் கழிக்கும் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது தேர்வுக் கூடத்தில் வாய்மொழித் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும்.

விதியால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். 2024 ஜனவரியில் முதலமைச்சர் கிறிஸ்டினா மூர் மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 27-க்கு 22 என்ற வாக்கில் நிறைவேறி, அவர் பதவி இழந்தார், லிண்டன் ஃபார்னம் அந்த இடத்துக்கு வந்தார். அந்தத் தீர்மானம் சரியா தவறா என்பது தீவுக்காரர்களின் வழக்கு. நான் பார்ப்பது கணக்கை மட்டும்தான்: அரசாங்கத்துக்கு வெளியே இருப்பவர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருக்கும் அவையில், கேள்வி கேட்பவரின் பின்னால் வாக்கும் நிற்கக்கூடும் என்பதை அமைச்சர்கள் அறிவார்கள். அந்த அறிவு பதிலின் தரத்தை மாற்றும்.

பக்கத்துத் தீவான கெர்ன்சி இன்னும் பழைய வழியிலேயே போகிறது. அங்கே அமைச்சர்களே இல்லை. 38 பிரதிநிதிகளும், ஆல்டர்னி என்ற குட்டித் தீவிலிருந்து வரும் இருவரும் அவையில் அமர, குழுக்கள்தாம் ஆட்சி செய்கின்றன. கேள்விகள் குழுத் தலைவர்களை நோக்கிப் போகின்றன. இன்று கேட்பவர் அடுத்த நிமிடம் இன்னொரு குழுவின் தலைவராக எழுந்து பதில் சொல்லக்கூடும். 2020 முதல் தீவு முழுவதும் ஒரே தொகுதி, ஒரு வாக்காளர் 38 வாக்குகள்வரை அளிக்கலாம். வாக்குச்சீட்டைப் படித்து முடிக்கவே ஒரு நல்ல மதியவேளை வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: உறுப்பினர் கேட்காவிட்டால் பொதுமக்களே நேரில் கேட்க வழியுண்டா? (இல்லத்தரசி, திருவண்ணாமலை)

பதில்: மேன் தீவில் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 5 அன்று, செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் நான்கு அடுக்காகக் கட்டிய ஒரு மண்மேட்டில் டின்வால்ட் திறந்தவெளியில் கூடுகிறது. அந்த ஆண்டு இயற்றிய சட்டங்களின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் மேன்ஸ் மொழியிலும் மக்கள் முன் வாசிக்கிறார்கள். அப்போது எவரும் மேட்டின் அடிவாரத்துக்கு வந்து ‘குறைதீர் மனு’வை நேரில் கொடுக்கலாம். மனு முறைப்படி இருந்தால், பின்னர் ஏதாவதொரு உறுப்பினர் அதைக் கையிலெடுத்து, விசாரிக்கக் குழு அமைக்குமாறு டின்வால்ட்டைக் கேட்கலாம். நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு, அங்கே மனுவை வாங்குவது சட்டமியற்றும் மன்றம்.

கேள்வி: அமைச்சரைக் கேள்வி கேட்கும் உறுப்பினர்களையே பத்திரிகை கேள்வி கேட்டால்? (முன்னாள் நிருபர், தஞ்சாவூர்)

பதில்: நல்ல இடத்தில் கிள்ளியிருக்கிறீர்கள். 1864-இல் கீஸ் அவை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இல்லை. ஓர் இடம் காலியானால் அவையே இரண்டு பெயர்களைச் சொல்லும், அவற்றுள் ஒன்றை ஆளுநர் தேர்ந்தெடுப்பார். டக்ளஸ் நகர நிர்வாகத்துக்குக் கூடுதல் அதிகாரம் தரும் மசோதா ஒன்றை ஒட்டி எழுந்த விவாதத்தில் அவை நடந்துகொண்ட விதத்தை ஜேம்ஸ் பிரவுன் என்ற பத்திரிகை ஆசிரியர் கடுமையாக எழுதினார். அவரை அழைத்து, அவை அவமதிப்பு என்று சொல்லி, ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து ரஷன் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். அவர் சிறைக்குள்ளிருந்தும் எழுதினார். சுமார் ஏழு வாரங்களில் லண்டன் நீதிமன்றம், சட்டமியற்றும் வேலையைச் செய்யும்போது அப்படித் தண்டிக்கும் அதிகாரம் இந்த அவைக்கு இல்லை என்று கூறி அவரை விடுவித்தது. வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. தவறாகச் சிறைப்படுத்தியதற்காக வழக்குப் போட்டு 519 பவுண்டு இழப்பீடு வாங்கினார். 1987-இல் நம் சட்டமன்றம் ஒரு வார இதழின் ஆசிரியரை அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காகச் சிறைக்கு அனுப்பியதும், பின்னர் அவரும் நீதிமன்றத்தில் இழப்பீடு பெற்றதும் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

பிரவுனின் வழக்கு முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1866-இல், கீஸ் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் சட்டம் வந்தது. ஆளுநர் ஹென்றி லோக்குக்கு வரிப்பணத்தைத் தீவிலேயே செலவிடும் உரிமை வேண்டியிருந்தது, லண்டன் அதற்கு ஈடாகத் தேர்தலைக் கேட்டது என்பதும் காரணம்தான். எல்லாப் பெருமையையும் பிரவுன் தலையில் கட்டிவிடக் கூடாது. ஆனாலும் தன்னைத்தானே நியமித்துக்கொண்ட அவை, தன்னைக் கேள்வி கேட்டவரைச் சிறையிலிட்டு நகைப்புக்கிடமான பிறகு, பழைய முறையைத் தாங்கிப் பேச ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது.

கேள்வி: மொரிஷியஸில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். செவ்வாய்க்கிழமையானால் அங்கே வீட்டுக்கு வீடு நாடாளுமன்றப் பேச்சுதான். ஒரே அணி எல்லா இடங்களையும் வென்ற பிறகும் அங்கே கேள்வி நேரம் எப்படி நடக்கிறது? (வாசகி, புதுச்சேரி)

பதில்: மொரிஷியஸின் முதன்மைத் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு மூவராக 60 இடங்கள். 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் ஒரே அணி அந்த 60 இடங்களையும் துடைத்தெடுத்தது. ரொட்ரிகஸ் தீவின் இரண்டு இடங்கள் தனி. அப்படியானால் எதிரே உட்கார எவருமே இருக்கக் கூடாது. ஆனால் அந்நாட்டு அரசமைப்பில் ‘தோற்றவருள் சிறந்தவர்’ என்ற ஓர் ஏற்பாடு உண்டு. சமூகங்களின் பிரதிநிதித்துவத்தைச் சமன்செய்வதற்காக, தோற்ற வேட்பாளர்களில் எட்டுப் பேர்வரை அவைக்குள் கொண்டுவரலாம். சமூக நியாயத்துக்காக வைத்த அந்த வாசல்தான், எதிர்க்கட்சி முழுதும் அழிந்துபோகும் நேரங்களில் அதற்கும் திறந்திருக்கிறது. 2024 தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவரானவரே தம் தொகுதியில் தோற்று, இந்த வழியாக உள்ளே வந்தவர்.

அவர் கையில் உள்ள ஆயுதம் ஒன்றைப் பற்றி உங்கள் மகள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். ‘பி.என்.க்யூ.’ என்று சுருக்கமாகச் சொல்லும் தனிக் குறிப்புக் கேள்வி அது. எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டுமே உரிய உரிமை. சில மணி நேர முன்னறிவிப்புடன் எந்த அமைச்சரையும் அவர் கேட்கலாம். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் அரை மணி நேரம் அதற்கே. அதன் பிறகு பிரதமரிடம் கேட்கும் அரை மணி நேரம். பின்னால் ஐம்பது பேர் இருந்தாலும் ஒருவரே இருந்தாலும் அந்த முதல் அரை மணி நேரம் குறைவதில்லை. எண்ணிக்கை கைவிட்ட இடத்தில் விதி தாங்கிப் பிடிக்கிறது. ஆளும் அணியின் பின்வரிசை உறுப்பினர்களும் தம் அமைச்சர்களைக் கேட்கிறார்கள் என்றாலும், அந்தக் கேள்விகளில் எத்தனை உண்மையான கேள்விகள், எத்தனை அமைச்சரின் சாதனையைச் சொல்ல வைப்பதற்கான முகவுரைகள் என்று பிரித்தறிய, காது பழக வேண்டும்.

கேள்வியும் பதிலும் தமிழில் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு. அவையிலோ அரசமைப்பின்படி அலுவல் மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம்.

கேள்வி: 24 பேரையும் விடச் சிறிய அவை உண்டா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், சென்னை)

பதில்: உண்டு, தம்பி. நெப்போலியனைச் சிறை வைத்த செயின்ட் ஹெலினா தீவு உன் பாடப் புத்தகத்தில் இருக்கும். தென் அட்லாண்டிக் கடலில் உள்ள அந்தத் தீவில் இன்று சுமார் 4,400 பேர் வாழ்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 12 பேர். 2021-இல் அங்கும் அமைச்சரவை முறை வந்தது. முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களுமாக ஐந்து பேர் அரசாங்கத்துக்குப் போய்விட, கேள்வி கேட்கவும் அரசாங்கத்தைக் கண்காணிக்கும் குழுக்களில் உட்காரவும் மிச்சம் இருப்பவர்கள் ஏழு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தால், அன்றைக்குத் தீவின் எதிர்க்குரலில் ஏழில் ஒரு பங்கு விடுப்பில் என்று பொருள்.